வான் உண்மையாகவே பழுதான நாள்

ஓமந்தைக்கு நாலு மைல்கட்டை இந்தப் பக்கம் பின் ரயர் காற்றுப்போனபோது மணி ஒன்பதே முக்கால். வானை ஓரங்கட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஸ்பெயார் வீல் இருக்கிறது, வானைத் தூக்க ஜக் இருக்கிறது, பத்து நிமிட வேலைதானே என்ற தைரியம். நாலு நட்டும் சொன்ன சொல் கேட்டு வந்தன. ஐந்தாவதில் கை வைத்த பிறகுதான் கண்டேன். அது லொக் நட்.

எல்லாம் என் சொந்தப் புத்தி. கிளிநொச்சியில் யாரோ ஒருவருடைய வானில் இரண்டு வீலைக் களவெடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே வீலுக்கு ஒன்றாக வாங்கிப் பூட்டினேன். வெளியே மொழுமொழுவென்று உருண்டையாக இருக்கும், எந்த ஸ்பனரும் பிடிக்காது. அதன் முகத்தில் கோணல் இதழோடு ஒரு பூ வெட்டியிருக்கும். அதே பூ உள்ள குட்டித் திறப்பை வைத்தால்தான் அசையும். “கள்ளனை விடுங்கோ, இந்தக் குகதாசனாலையே திறப்பில்லாமல் கழட்ட ஏலாது” என்று எங்கள் ஊர் ஜெயபுரம் முழுக்கப் பீற்றித் திரிந்தேன். வாய்க்கொழுப்பு! திறப்பை வானுக்குள் வைத்தால் கள்ளன் எடுத்துவிடுவான் என்று வேறெங்கோ ஒளித்தும் வைத்தேன். எங்கே என்பதுதான் அந்த வெயிலில் எவ்வளவு தலையைச் சொறிந்தும் வரவில்லை.

“திறப்பைக் கண்டனீரோ?” என்று இலட்சுமியிடம் பாய்ந்தேன்.

“ஒளிச்சு வைச்சது நீங்கள். என்னட்டை ஏன் எரிஞ்சு விழுறியள்?” என்றாள் என் மனைவி, மடியிலிருந்த பலகாரத் தட்டை விடாமல்.

பின்சீற்றில் மகள் மேனுகா அழத் தொடங்கியிருந்தாள். அவள் அழுததில் நியாயம் இருந்தது. பூவரசங்குளத்து யதுர்ஷனை அவள் விரும்புகிறாள் என்று தெரிந்து இரண்டு வருடம். கராச்சில் நட்டுக் கழற்றுகிறவனுக்கா என் பிள்ளை என்று எனக்குள் ஒரு கொதி. வாய்விட்டு மறுக்கத் துணிவில்லாமல், பேசிமுடிக்க வருகிறோம் என்று இரண்டு தரம் நாள் சொல்லி, இரண்டு தரமும் அன்று காலையில் போன் எடுத்து ஒரே பொய்யைச் சொன்னேன். வான் பழுது. இரண்டாம் தரம் வான் முற்றத்தில் கழுவித் துடைத்தபடி பளபளவென்று நின்றது. பெடியனுக்குத் தாய் இல்லை, வளர்த்தது பெரியம்மா மீனம்மா. கடைசியாக அவா சொல்லி அனுப்பினா: வருகிற புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் தொடங்க முன்னம் தட்டு வராவிட்டால், இந்தக் கதையே வேண்டாம்.

இன்றைக்குப் புதன்கிழமை.

“இப்ப எடுத்து வான் பழுது எண்டு சொன்னால் ஆரப்பா நம்புவினம்?” என்று மேனுகா கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, “அந்தத் தம்பிக்கே போன் எடு பிள்ளை. ரயரைப் படம் பிடிச்சு அனுப்பு” என்றேன்.

பத்தரைக்கு யதுர்ஷனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், முதுகில் சாமான் பை. “வாங்கோ மாமா” என்றான், தன் வீட்டு வாசலில் நிற்பவனைப்போல. மாமாவாம்! யார் சொன்னது என்று கேட்க வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அவன் நட்டை விரலால் தடவிப் பார்த்தான். “நல்ல சாமான் மாமா. கள்ளன் அழுதிருப்பான்” என்றான். பெருமைப்படுவதா ஏச்சு வாங்கியதாக எடுப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய சொக்கெட்டை எடுத்து நட்டின்மேல் தொப்பிபோலக் கவிழ்த்துச் சுத்தியலால் அடித்தான். திருப்பியதும் வழுக்கிவிட்டது. “அளவு கூடிப்போச்சு” என்று இன்னும் சின்னதாக ஒன்றை வைத்து, அது நட்டை இறுக்கிக் கடிக்கும்வரை அடித்தான். பிறகு ஸ்பனர்க் கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகினான். “மாமா, இதிலை ஏறி நில்லுங்கோ.”

“நானோ?”

“பாரம் உங்களிட்டைத்தானே கிடக்கு.”

இலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். வான் கதவைப் பிடித்தபடி பைப்பில் ஏறி நின்றேன். அசையவில்லை. ஒரு துள்ளுத் துள்ளினேன். கிறீச்சென்று நட் ஒரு கத்துக் கத்தி இளகியது. நான் மாப்பிள்ளையின் தோளில் போய் விழுந்தேன். அழுதுகொண்டிருந்த மேனுகா விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! அதற்காக இன்னும் மூன்று வீலிலும் ஏறித் துள்ளியிருப்பேன்.

அவன் ஸ்பெயார் வீலைப் பூட்டும்போது, இலட்சுமி முன் வீலில் இருந்த லொக் நட்டைக் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் தட்டின் வெள்ளைத் துணியை மெல்ல நீக்கினாள். “இஞ்சாருங்கோ… பலகார அச்சுப் பெட்டிக்குள்ளை புதுசா ஒரு குட்டி அச்சுக் கிடந்தது. வடிவான பூவாக் கிடக்கெண்டு, சுடுதண்ணியிலை அவிச்சுப்போட்டு நான்…”

தட்டு நிறைய, பொன்னிறமாகப் பொரிந்த அத்தனை பலகாரத்திலும் என் திறப்பின் கோணல் பூ. அச்சுப் பெட்டிக்குள் ஒளித்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பூவரசங்குளத்தில் நாங்கள் இறங்கியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். மீனம்மா வாசலில் நின்றா. எனக்கும் மாப்பிள்ளைக்கும் முழங்கைவரை கறுப்புக் கிறீஸ்.

“வான் பழுதாப்போச்சு அக்கா” என்றேன். முதல்தரமாக உண்மை.

“உந்தக் கதையை முந்தியும் ரெண்டுதரம் கேட்டனான்” என்றா அவா சிரிக்காமல். ஆனாலும் தட்டை இரண்டு கையாலும் வாங்கினா. ஒரு பலகாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. “இதென்ன பூ, நான் ஒரு நாளும் காணாத பூவாக் கிடக்கு?”

மேனுகா சிரிப்பை அடக்கித் தோள் குலுங்க நிலத்தைப் பார்த்தாள். பதிலுக்கு யதுர்ஷன் வேட்டி மடிப்பிலிருந்து, பூ வெட்டிய நட்டைக் கடித்தபடியே இருந்த அந்தச் சொக்கெட்டை எடுத்து, தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தான். வெள்ளைத் துணியில் அவனுடைய ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. அதற்குப் பக்கத்தில், தட்டை இறக்கிக் கொடுத்தபோது பதிந்த என்னுடைய ஐந்தும் இருந்தன.