கணுக்கால் கட்டு

“இறுக்கிக் கட்டுட்டி. செத்த நேரம் போனா வெறைச்சுப் போகும்” என்றாள் ஜெயபாய் பெரியம்மா.

ஹெப்சிபா அம்மாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருந்தாள். விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. கட்டுவதற்குத் துணி தேட வேண்டிய வீடா அது? பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க பேண்டேஜ் உருளைகள். அம்மா கிருபாபாய் சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் துணி சுற்றியவள். ஓரம் பிசகிய உருளைகளை வேலை பார்ப்பவர்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். அதில் ஒன்றைத்தான் பெரியம்மா கிழித்துக் கொடுத்திருந்தாள். தாடையைச் சுற்றித் தலையில் முடிந்திருந்ததும் அதே துணிதான்.

ஹெப்சிபா இன்னும் கால்பந்து உடையில் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போது மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. முதுகில் நான்காம் எண். முழங்காலில் மைதானத்து மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அறையிலிருந்த பெண்கள் முதலில் செத்தவளைப் பார்த்தார்கள். பிறகு அந்த நான்கைப் பார்த்தார்கள்.

துணியின் நுனியை இரண்டாகக் கிழித்து, எதிரெதிராகச் சுற்றி, முடிச்சிட்டாள். அம்மா போடுகிற முடிச்சு. யோசிக்காமலே கைக்கு வந்தது. முடிச்சுக்குள் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்க்கப் போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே அண்ணன் எட்வின் போனில் யாருக்கோ நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். “நாலு பத்துக்கு. ஆமா. நாந்தான் பக்கத்துல இருந்தேன்.”

நாலு பத்துக்கு இடைவேளை. அதை ஹெப்சிபா பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். மூன்றரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது. நாலு ஐந்துக்கு முதல் பாதி முடிந்தது. நாலு பத்துக்கு அவள் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கொட்டையைத் தூரத் துப்பிச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

அவள் வாசலுக்கு வந்தபோது எட்வின் போனைச் சட்டைப் பையில் போட்டான். மில்லில் ஃபிட்டர்; அதிகம் பேசுகிறவன் இல்லை. தங்கையை விட நான்கு வயது மூத்தவன்.

“பதினோரு தடவ அடிச்சேன்” என்றான்.

“போன் பைக்குள்ள இருந்துச்சுண்ணே.”

“ஆட்டோவ வாசல்ல நிறுத்திட்டு அம்மாட்டக் கெஞ்சினேன். எம்பேச்சு எடுபடல. நீ இருந்து ஒரு அதட்டுப் போட்டிருந்தா எந்திரிச்சு வந்திருக்கும். ஒம்பேச்சத்தான் அது கேக்கும்.” குரல் உடைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “ஒனக்குப் பந்துதான பெருசு.”

அதற்கப்புறம் அவன் அவளிடம் பேசவில்லை.

அவன் சொன்னது பொய்யில்லை. அம்மா யாருக்கும் அடங்காதவள், மகளின் அதட்டலுக்கு மட்டும் அடங்குவாள். இது எட்வினுக்குத் தெரியும், ஹெப்சிபாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அங்கேதான் ஹெப்சிபாவின் நெஞ்சில் முள் தைத்தது. தெரிந்துதான் அனுப்பினாளா? தன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகக்கூடிய ஒரே ஆளை, பந்தைச் சாக்காக வைத்து ஊரை விட்டு வெளியே அனுப்பிவிட்டுச் செத்தாளா?

அன்று காலையில் கிளம்ப ஹெப்சிபாவுக்கு மனமே இல்லை. மூன்று நாளாக அம்மாவுக்கு மூச்சு இளைத்தது. படுக்க முடியாமல் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே இருந்தாள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எட்வின் வியாழக்கிழமையே சொன்னான். “ஒங்கப்பா மதுரைக்கு வண்டியில நடந்து ஏறுனாக. வரும்போது நாலு பேரு சொமந்து எறக்குனாக. திங்கக்கிழமை பாப்போம்” என்று அம்மா முடித்துவிட்டாள்.

“நான் போகலம்மா. அவளுக ஆடிக்கிடட்டும்” என்று ஹெப்சிபா சொன்னாள்.

“ஃபைனலுக்குப் போகாம? பின்னால பேக்குக்கு யாரு நிப்பா? அந்தக் கீப்பர் பிள்ள ஒத்தையில கெடந்து என்ன செய்யும்? கால நீட்டு.”

நீட்டினாள். எப்போதும் ஐந்து நிமிடம்கூட ஆகாது. இன்று கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். பாதத்தை முடித்து மேலே வரும்போது, “குதிகாலத் தூக்குட்டி” என்று வழக்கமாக அதட்டுவாள். அந்த இரண்டு சொல்லுக்கே இன்று இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து முடிச்சிட்டாள். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கும்மா.”

கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. ஹெப்சிபா சொல்லவில்லை.

பதினாலு வருடத்துக் கட்டு அது. ஹெப்சிபா ஒன்பதாவது படிக்கும்போது வீட்டுக்குத் தெரியாமல் ஆட ஆரம்பித்தாள். உம்மகள் அரை டவுசர் போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடுகிறாள் என்று யாரோ வத்தி வைக்க, கிருபாபாய் ஷிஃப்ட் முடிந்த கையோடு தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக அடிக்க வந்தாள். வந்த நேரத்தில் எவளோ ஹெப்சிபாவின் கணுக்காலில் உதைத்து விழத்தாட்டினாள். கிருபாபாய் ஆட்டத்துக்கு நடுவிலேயே உள்ளே ஓடினாள். நடுவர் விசில் அடித்தார். அவள் நடுவரைப் பார்த்து, “நீரு செத்த சும்மா இரும்” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு உருளையை எடுத்துக் கட்டுப் போட்டாள். “எந்திரி. ஓடு. ஒன்ன ஒதச்சவ எவளுன்னு பாத்துக்க” என்றாள். அடிக்க வந்தது மறந்தே போயிற்று.

அப்புறம் அவள் வராத ஆட்டமில்லை. ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக உட்கார வைத்துக் கால் கட்டுவாள். கட்டை யாரும் கத்தரிக்கக் கூடாது. முடிச்சை அவிழ்த்து, துணியைத் திரும்பச் சுற்றி, துவைத்துக் காயப்போட வேண்டும். “நெய்ஞ்ச துணிய அறுக்கிறவ கை வெளங்காது” என்பாள். ஆஃப்சைடு மட்டும் கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. “முன்னால போறவளப் போகக் கூடாதுன்னு ஒரு சட்டமா? வெளங்குமா இது?” என்று கேட்பாள். ஹெப்சிபா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகி, அங்கேயே பெண்கள் குழுவில் ஆடத் தொடங்கிய பிறகும், அம்மா பஸ் ஏறி வந்துவிடுவாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஜெயித்த நாளில் வெறுங்கையோடு வீட்டுக்கு வரலாம். தோற்ற நாளில் கால் கிலோ பால்கோவா வாங்கி வர வேண்டும். “செயிச்சவ வாயில இனிப்பு தானா ஊறும். தோத்தவதான் வாங்கித் திங்கணும்” என்பது கிருபாபாயின் சட்டம். அது மட்டும் ஆஃப்சைடு மாதிரி இல்லை, எல்லோருக்கும் புரிந்தது.

அதனால்தான் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஹெப்சிபா பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். கால் கிலோ சொன்னாள். சூடாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். பணம் கட்டுவதற்காகப் போனை வெளியே எடுத்தபோதுதான் பதினோரு அழைப்புகளும் அண்ணன் அனுப்பிய ஒரு வரியும் தெரிந்தன. அம்மா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழுவிலிருந்து ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். வாசலோரமாகவே நின்றார்கள். கீப்பர் ஆஷிகா மட்டும் பெட்டியின் கால்மாட்டில் வந்து நின்று, கட்டிய பெருவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, கிருபாபாய்க்குச் செல்லம். “ஆண்டி எனக்கு மட்டும் ரெண்டு காலும் கட்டுவாங்கக்கா” என்றாள். அப்புறம் விசும்ப ஆரம்பித்தாள். ஹெப்சிபாவுக்கு அழுகை வரவில்லை. தனக்கு ஏன் வரவில்லை என்று அவளுக்கே கோபமாக இருந்தது.

போதகர் வருவதற்குள் நாற்காலி போட இடம் வேண்டுமென்று ஜெயபாய் பெரியம்மா மூலையிலிருந்த பையைத் தூக்கினாள். அடியில் நெய் கசிந்து தரையில் வட்டமாகப் படிந்திருந்தது. ஜிப்பைத் திறந்து பொட்டலத்தை வெளியே எடுத்தாள்.

“இது ஏதுட்டி?”

ஹெப்சிபா நெய் படிந்த தரையைப் பார்த்தாள்.

“எப்ப வாங்குன?”

“நேத்து.”

சாவு வீட்டில் காதுகளுக்குக் கூர்மை அதிகம். செட்டியார்பட்டியிலிருந்து வந்திருந்த பிச்சையம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். “ஆத்தா உசிரு இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்கு. மக இனிப்பு வாங்கிட்டு வாராளாக்கும்” என்று, சன்னமாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

சொல்லியிருக்கலாம். அம்மா வைத்த வழக்கம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவள் தாடையைக் கட்டிப் படுத்திருந்தாள். வாசல் நிலையில் எட்வின் நின்றிருந்தான். பொட்டலத்தைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். வெளியே போய்விட்டான். அவனாவது ஏதாவது சொல்வான் என்று ஒரு நொடி எதிர்பார்த்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட அதிகமாக வலித்தது.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து பெட்டியை மூடப் போகும்போது, கட்டுகளை எடுத்துவிடச் சொன்னார்கள். கட்டோடு மண்ணுக்குள் அனுப்பக் கூடாது. குழி வெட்டிய முத்துவீரன் இடுப்பிலிருந்து ஒரு பிளேடை எடுத்து நீட்டினார்.

“வேண்டாம். நான் அவுக்கேன்” என்றாள் ஹெப்சிபா.

“நேரமாகுதும்மா.”

“செத்த நேரந்தான்.”

குனிந்து, நகத்தால் முடிச்சை நெம்பினாள். வெயில் பிடரியில் எரிந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். முடிச்சின் ஒரு வால் இளகியது, அப்புறம் இன்னொன்று. பெருவிரல்கள் பிரிந்து அதனதன் பக்கம் சாயவில்லை. அப்படியே ஒட்டி நின்றன. துணியை இரண்டு விரலில் சுற்றி, கையில் மடக்கி வைத்துக்கொண்டாள். முதல் பிடி மண்ணை எட்வின் போட்டான். அவள் அடுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றாள் பெரியம்மா. பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைக் குழாயடிக்குப் போய் வந்தார்கள். ஹெப்சிபா கடைசியாகப் போனாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சுடிதார் காலை மேலே ஏற்றினாள்.

கட்டு அப்படியே இருந்தது. நேற்றிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. மற்றதையெல்லாம் மாற்றியவள் அதை மட்டும் விட்டு வைத்திருந்தாள். ஆட்டத்தில் கணுக்கால் வீங்கி, தளர்வாக இருந்த துணி இப்போது சதையைப் பிடித்திருந்தது. வியர்வையிலும் மண்ணிலும் முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். இன்னும் இறுகியது. நகத்தால் நெம்பினாள். அசையவில்லை. அம்மா போட்ட கடைசி முடிச்சு. அதை அவிழ்க்க அவள் விரல்களுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அடக்க முடியாமல், குவளையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

“என்னட்டி அங்க? கட்டா? கத்திரியக் குடுத்து விடுதேன், வெட்டி எறி” என்று உள்ளேயிருந்து பெரியம்மா சத்தம் கொடுத்தாள்.

கத்திரிக்கோலோடு வந்தது எட்வின். குளித்து, ஈரத் தலையோடு இருந்தான். அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“அறுத்துராதண்ணே.”

அவன் கத்திரிக்கோலைச் சுவர் மேல் வைத்தான். கீழே குந்தி, அவள் காலைப் பிடித்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். மில் வேலை பார்த்துக் காய்த்த விரல்கள். நட்டுக் கழற்றுகிறவனின் பொறுமை அவனுக்கு இருந்தது. முடிச்சை ஒரு பக்கம் தள்ளினான், மறு பக்கம் தள்ளினான். குனிந்து பல்லால் ஒரு வாலைப் பிடித்து இழுத்தான். 

“தோத்துட்டீகளாக்கும்” என்றான் நிமிராமல்.

“ம்.”

“எம்புட்டு?”

“ரெண்டுக்கு ஒண்ணு.”

முடிச்சு இளகியது. அவன் துணியைப் பிரித்து, பிரித்ததை அப்படியே இறுக்கமாக உருளையாகச் சுற்றிக்கொண்டே வந்தான். ஒரு ஆட்டத்துக்குக்கூட வராதவன். ஆனாலும் இந்த வீட்டில்தானே வளர்ந்தான்.

“அம்மா கேட்டுச்சு” என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆட்டம் முடிஞ்சிருச்சான்னு. மூணே முக்காலுக்கு ஒருக்கா. நாலு மணிக்கு ஒருக்கா. ‘இன்னும் பாதி இருக்கும்மா, ஆட்டோ நிக்கி, வா’ன்னேன். ‘முடியட்டும். அவ வந்து என்னாச்சுன்னு சொல்லட்டும். பொறவு போவோம்’னுச்சு.” உருளையை ஒரு சுற்றுச் சுற்றினான். “ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.”

கணுக்காலைச் சுற்றி வந்த துணி பாதத்துக்கு இறங்கியிருந்தது. அடியில் சிக்கி நின்றது. எட்வின் உருளையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான்.

“குதிகாலத் தூக்குட்டி” என்றான்.

ஹெப்சிபா தூக்கினாள்.