வெள்ளிக்கிழமை விருந்தாளி

வால்டெக் போலந்திலிருந்து பெர்லினுக்கு வந்து பார்த்த வேலைகளிலேயே இதுதான் சுலபமானது. கதவைத் தட்ட வேண்டும். திறந்ததும் "வழிப்போக்கனுக்கு இடம் உண்டா?" என்று கேட்க வேண்டும். பிறகு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சிமென்ட் மூட்டை சுமந்து, ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் பூசி, கூலி தராமல் கம்பி நீட்டிய மேஸ்திரியைத் தேடி நாயாய் அலைந்தவனுக்கு, சாப்பிடுவதையே ஒரு வேலையாகக் கொடுத்தால் கசக்குமா?

கொடுத்தவள் கலினா. அதே போலந்தின் போஸ்னான் நகரத்திலிருந்து வந்த கலைக்காரி. பெர்லினின் நாய்கெல்ன் பகுதியில் ஒரு பழைய கசாப்புக் கடையைப் பிடித்து, வெள்ளையடித்து, காட்சிக்கூடமாக்கியிருந்தாள். இறைச்சி மாட்டும் கொக்கிகளை மட்டும் கழற்றவில்லை. அவற்றில் இப்போது பதாகைகள் தொங்கின. 'யாரும் அந்நியரில்லை' என்று ஒன்றில் போலிஷிலும் ஜெர்மனிலும் எழுதியிருந்தது. அவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிட முடியாது. ஊரில் பெண்களுக்கு எதிராகச் சட்டம் வந்தபோது தூதரக வாசலில் தொண்டை கிழியக் கத்தியவள். கூலி கிடைக்காத போலிஷ் ஆட்களுக்காகக் கொட்டும் மழையில் பதாகை பிடித்தவள். வால்டெக்கின் அப்பா ஷ்செச்சின் துறைமுகத்துக் கப்பல் கட்டும் தளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர் என்று கேள்விப்பட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. அதைத் துண்டறிக்கையிலும் போட்டாள்.

நிகழ்ச்சி இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விருந்தில் போலிஷ் வீட்டு மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். யார் என்ன என்று தெரியாத ஒருவன் வந்து கதவைத் தட்டினால் அது அவனுக்கு. அந்த ஒரு நாள் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. அந்த விருந்தைக் கலினா குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் நடத்தினாள். மேசையில் அவளும் மூன்று தோழிகளும். மேசைவிரிப்புக்கு அடியில் வழக்கப்படி கொஞ்சம் வைக்கோல், பீட்ரூட் சூப், காளான் வைத்த குட்டிக் கொழுக்கட்டைகள், பொரித்த கெண்டை மீன். சுற்றி நாற்காலி போட்டு ஜெர்மன்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். வால்டெக் வந்து தட்டுவான். பண்டிகைக்கென்றே செய்த மெல்லிய அப்பத்தை அவனோடு ஆளுக்கொரு துண்டாகப் பிட்டு வாழ்த்துச் சொல்வார்கள். அவன் சூப்பைக் குடிக்கும்போது நாலு பேராவது மூக்கைச் சிந்துவார்கள்.

இதற்கெல்லாம் கூலி, கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை. ஒரு மெத்தை, ஒரு சின்ன ஹீட்டர், உள்பக்கம் தாழ்ப்பாள். நிகழ்ச்சி நடக்கும் வரை, அதாவது மார்ச் முடியும் வரை, அது அவனுடையது. "உங்க ஒருத்தருக்குத்தான்ணே. ரெண்டாவது ஆள் இருக்கறது தெரிஞ்சா வீட்டுக்காரர் நம்ம எல்லாரையும் வெளிய தள்ளிடுவார்" என்று கலினா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ரெண்டாவது ஆள் என்று அவள் சொன்னபோது இருவருக்கும் ரிஷெக்கின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வார்சா தெரு பாலத்தடியில் வால்டெக்கும் ரிஷெக்கும் இரண்டு குளிர்காலங்களை ஒரே தூக்கப் பையில் கழித்தவர்கள். ஒருவன் திரும்பிப் படுத்தால் மற்றவனும் திரும்பியாக வேண்டும். ஆள் தேடிக் கலினா பாலத்தடிக்கு வந்தபோது, அவள் கண் முதலில் ரிஷெக் மேல்தான் விழுந்தது. அவன்தான் வால்டெக்கை முன்னால் தள்ளினான். "இவனக் கூட்டிட்டுப் போம்மா. இவன் நல்லா அழுவான். நான் அழுதா சிரிக்கிற மாதிரி இருக்கும்."

வால்டெக் நன்றி மறக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மிச்சக் கொழுக்கட்டையை டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது. "கதவத் தட்டினாப் போதும்டா, எழுந்து நின்னு வரவேற்கறாங்க. ராஜ உபசாரம்தான் போ" என்று அளந்துவிட்டு வந்தான்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாநகராட்சி வண்டி வந்து பாலத்தடியைச் சுத்தம் செய்தது. தூக்கப் பையும் குப்பையோடு போயிற்று. அன்று குளிரில் மூச்சு விட்டால் மீசையில் பனி பிடித்தது.

சாயங்காலம் வால்டெக் வழக்கம்போல் தட்டி, வழக்கம்போல் கேட்டு, வழக்கம்போல் உட்கார்ந்தான். அப்பத்தைப் பிட்டாயிற்று. கரண்டியைக் கையில் எடுத்தபோது கதவை மறுபடியும் யாரோ தட்டினார்கள்.

ரிஷெக் நின்றான். தலையில் ஒரு துவாலை சுற்றியிருந்தது. "வழிப்போக்கனுக்கு இடம் உண்டா?" என்றான்.

வழக்கம் என்பது யோசித்துச் செய்வதல்ல. மேசையில் இருந்த பெண்களில் இருவர் தங்களை அறியாமலே எழுந்துவிட்டார்கள். டொரோதா என்பவள் தன் நாற்காலியை நகர்த்தி இடம்கூடக் கொடுத்துவிட்டாள். இன்னொருத்தி கிண்ணத்தை எடுத்துச் சூப்பை ஊற்ற ஆரம்பித்தாள். அவர்கள் அம்மாக்களின் வீடாக இருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

ரிஷெக் உட்கார்ந்து, வால்டெக்கின் காதோரம் குனிந்தான். "பைய எடுத்துட்டுப் போயிட்டானுங்கடா. இன்னிக்கு ஒரு ராத்திரி அந்த ரூம்ல ஓரமாப் படுத்துக்கறேன். குறட்டைகூட விடமாட்டேன், போதுமா?"

வால்டெக் கரண்டியைக் கீழே வைத்தான். கலினாவைப் பார்த்தான். அவள் ரிஷெக்கைப் பார்க்கவில்லை, வால்டெக்கைத்தான் பார்த்தாள். அப்புறம் பின்பக்கத்து அறைக் கதவைப் பார்த்தாள்.

"யாருய்யா நீ?" என்று வால்டெக் எழுந்தான்.

ரிஷெக் சிரித்தான். "ஆரம்பிச்சிட்டான்யா நாடகக்காரன்!"

"இருக்கறது ஒரு தட்டு. ஒரு ஆளுக்குத்தான் இடம். எழுந்திரி."

"டேய், சூப் ஆறுதுடா. அப்புறம் விளையாடலாம்."

அவன் கரண்டிக்குக் கையை நீட்டினான். வால்டெக் காலரைப் பிடித்துத் தூக்கினான். எலும்பும் தோலுமாக இருந்தவன், துணி மூட்டை மாதிரி கையோடு வந்துவிட்டான். வாசல்வரை இழுத்துக்கொண்டு போகும்போதும் ரிஷெக் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். படியில் கால் தட்டி, முட்டி உடைய விழுந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. வால்டெக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அழுவதில் ரிஷெக் அவனைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தான்.

கை தட்டினார்கள்! பார்க்க வந்த அத்தனை ஜெர்மன்காரர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு வயதான அம்மாள் ஓடிவந்து வால்டெக்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். டொரோதா மட்டும் சமையல் மூலையில் போய் நின்றுகொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் கலினா வந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணே, நாலு மாசமா இந்த நிகழ்ச்சி என்ன கேக்குதுன்னு தெரியாமத் தவிச்சிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நம்ம ஆளே நம்ம ஆளை வெளிய தள்றான் பாருங்க, அதுதான் உண்மை. ஐரோப்பாவே அதுதான்."

"அவன் முட்டில அடிபட்டுருச்சும்மா."

"அய்யோ பாவம். டொரோதாகிட்ட மருந்து குடுத்தனுப்பறேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரக் கூட்டிட்டு வந்துடுங்க. ஒரு நல்ல கோட்டு வாங்கித் தரேன்."

"சாப்பிடவாம்மா?"

"தள்றதுக்குண்ணே." கலினா அவன் தோளைத் தட்டினாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அவர் கரண்டியைத் தொடறதுக்கு முன்னாடியே நீங்க எழுந்துடணும். ஒரு வாய் குடிச்சிட்டார்னாலும் அந்த வலி போயிடும்."

"அவன் வரமாட்டேன்னுட்டா?"

கலினா முகம் வாடிவிட்டது. "அது இல்லாம இனிமே நடத்த முடியாதுண்ணே. பழைய மாதிரி நடத்தினா எனக்கே பொய்யாத் தெரியும். நிறுத்திட்டு இடத்தைத் திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான்."

அன்று ஹீட்டரின் பக்கத்தில் படுத்த வால்டெக் நன்றாகத் தூங்கினான். அதை நினைத்துக் காலையில் அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் தூக்கம் நன்றாகத்தான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வார்சா தெரு பாலத்தடிக்குப் போனான். ரிஷெக் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். முட்டியில் துவாலை கட்டியிருந்தது. டொரோதா வந்ததாகத் தெரியவில்லை. உதடு நீலம் பாரித்துக் கிடந்தது.

"வாங்க துரை. கொழுக்கட்டை எங்க?"

"அன்னிக்கு எனக்கு வேற வழி தெரியலடா."

"விடு. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." ரிஷெக் முட்டியில் இருந்த துவாலை முடிச்சை இறுக்கினான். "இல்ல, செஞ்சிருக்க மாட்டேன். உன் மனசு ஆறட்டும்னு சொன்னேன்."

வால்டெக் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். கோட்டைப் பற்றிச் சொன்னான். கை தட்டினார்கள் என்றும் சொன்னான்.

"எதுக்குத் தட்டினானுங்க?"

"தள்ளினதுக்கு."

"மறுபடியும் தள்ளணுமாமா?"

"ஆமா."

"வாராவாரமா?"

"மார்ச் முடியற வரைக்கும்."

ரிஷெக் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் முட்டும்வரை இருமினான். வாயைத் துடைத்துக்கொண்டு, வியாபாரம் பேசுகிறவன்போல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தள்ளட்டும். நமக்கு அது புதுசா என்ன? ஒண்ணு மட்டும் சொல்லு. சூப்பக் குடிச்சப்புறம் தள்ளுவியா, குடிக்கறதுக்கு முன்னாடியே தள்ளுவியா?"

மேலே ரயில் ஒன்று போயிற்று. அது கடக்கும்வரை வால்டெக்குக்கு யோசிக்க நேரம் இருந்தது.

"குடிச்சப்புறம்தான்" என்றான்.

"கிண்ணம் முழுக்க?"

"கிண்ணம் முழுக்க."

"அப்ப சரி, கையக் குடு. முட்டி மடங்க மாட்டேங்குது" என்றான் ரிஷெக். வால்டெக் கையைக் கொடுத்து, அவனைப் பதமாகத் தூக்கி நிறுத்தினான்.