வெம்பல் அல்ல, முந்தல்

எங்கள் அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. யார் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதுதான் அவர் பெயர். மொழியின் பாதிச் சுமை தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று ககரத்தார் தினமும் புலம்புவார். ஙகரத்தில் வேலையே இல்லாததால் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. யாராவது நீண்ட விடுப்பு கேட்டால் மட்டும், ஙகரத்தைப் பார்த்துக்கொள்ளுங்களேன் என்பார் தலைமை ஆசிரியர். மெய்ப்புத் திருத்துகிற எனக்கு எழுத்து கிடையாது. 'புள்ளி' என்று வைத்துவிட்டார்கள். வயது ஐம்பதை நெருங்கிய பிறகும் புள்ளிதான்.

மகர வரிசை ஓர் அக்காவின் பொறுப்பில் இருந்தது. வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவர் மகரம் அக்கா. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதும் முன் அதை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பார்ப்பார். சாம்பாரில் உப்புப் பார்ப்பது போல இருக்கும். சரியில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த வருடம் கையடக்கப் பதிப்பு ஒன்று போட்டுக்கொண்டிருந்தோம். இடம் குறைவு. வழக்கொழிந்த சொற்களை எல்லாம் எடுத்துவிடுவது என்று முடிவானது. தலைமை ஆசிரியர் ஒரு விதி வைத்தார். ஒரு பழைய சொல்லைக் காப்பாற்ற வேண்டுமானால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் அது இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கறாரான மனிதர், ஆனால் நியாயஸ்தர். தனக்குப் பிடித்த சொற்களையே முதலில் வெட்டினார்.

'முந்தல்' என்ற சொல் அப்படித்தான் மேசைக்கு வந்தது. பருவத்துக்கு முன்பே பழுக்கும் காய் அல்லது கனி என்று பொருள் எழுதி, பக்கத்தில் வழக்கொழிந்தது என்று குறித்திருந்தது.

அக்கா அதைச் சொல்லிப் பார்த்தார். நாலு தடவையோடு நிறுத்தவில்லை.

பிறகு எங்களிடம் ஒரு விஷயம் சொன்னார். அழுகல், வெம்பல், சூம்பல் என்று காய்கனிக்கு இந்த 'அல்' சேர்ந்து வருகிற பெயர்களைப் பாருங்கள், எல்லாம் வசவு. மனிதர்களைச் சொல்லும்போதும் அதேதான். பிள்ளை கொஞ்சம் விவரமாகப் பேசினால் பிஞ்சிலே பழுத்தது என்கிறோம். முந்திக்கொண்டு வந்தது நல்லது என்று சொல்ல நம்மிடம் இந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

தகரத்தாருக்கு ஐயம். 'முந்து' என்பதிலிருந்துதான் வந்தது என்றால் நல்லது கெட்டது எதுவும் அதில் இல்லையே, வெறும் அவசரம்தானே என்றார்.

"சேலையில எல்லார் கண்ணும் படற இடம் முந்தானை," என்றார் அக்கா. "முன்னால நிக்கறதுக்கு ஒரு அழகு உண்டு தகரத்தாரே. மரத்துக்கு மட்டும் அது கூடாதா?"

தலைமை ஆசிரியர் சிரித்தார். ஆனால் அழகு சாட்சி ஆகாது, இரண்டு இடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அக்கா அலைந்தார். பழ மண்டிகளுக்குப் போனார். அங்கே எல்லோரும் 'முதல் வரத்து' என்றார்கள். தோட்டக்கலைக் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினார். 'குறுகிய கால ரகம்' என்றார்கள். ரயிலில் எதிரே காய்க்கூடையோடு உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் பேச்சுக் கொடுத்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. சொற்பட்டியலை அச்சுக்குக் கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அக்காவின் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருந்ததாம். பிறந்த உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அக்கா அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அங்கே நடந்ததை எல்லாம் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குழந்தைகள் பிரிவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. தங்கையின் மாமியார் அதில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. பயத்தில் நாக்கு புரண்டுவிடும் சிலருக்கு. மருமகளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தையைக் காட்ட அழைத்து வந்த நேரம் பார்த்து, வெம்பிப் பழுத்தது மாதிரி பிறந்திருக்கிறதே, இது எங்கே தேறப்போகிறது என்று சொல்லிவிட்டார். தங்கையின் முகம் சுண்டிப்போனது.

நாற்காலியைத் தள்ளி வந்த நர்ஸ் நின்றார். வாட்டசாட்டமான பெண். கோபப்படவில்லை.

"வெம்பல் இல்லம்மா இது," என்றார். "வெம்பல்னா பூச்சி விழுந்தோ வெயில் தாங்காமலோ நிறம் மட்டும் மாறினது. உள்ள ஒண்ணும் இருக்காது. இவ முந்தல். பத்து விரலும் ஆடுது, பாலுக்கு வாயைத் திறக்கறா. கொஞ்சம் முந்திக்கிட்டா, அவ்வளவுதான். நாம பக்குவமாப் பார்த்துக்கணும்."

தங்கை அதற்கப்புறம்தான் கண்ணாடிக்குள் நன்றாகப் பார்த்தாள். அதுவரை பார்க்கவே பயந்துகொண்டிருந்தாளாம்.

அக்காவுக்கோ நெஞ்சு துள்ளியது. இத்தனை நாள் தேடிய சொல் கண்ணெதிரே ஒருவர் வாயிலிருந்து வந்து விழுகிறது. அடுத்த கணமே வெட்கமாகப் போய்விட்டது. தங்கை மகள் உயிருக்குப் போராடும்போது நமக்கு ஒரு சொல் கிடைத்த சந்தோஷமா என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை எடை ஏறி, பெட்டியை விட்டு வெளியே வந்து, தாய்ப்பாலைத் தானே குடிக்கத் தொடங்கும்வரை வாயைத் திறக்கவே இல்லை. பட்டியல் அச்சுக்குப் போகும் நாள் இடையில் வந்துவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு அக்கா மேல் பெரிய மரியாதை வந்தது. கைக்கு எட்டிய கனியைப் பறிக்காமல் இருப்பது லேசா?

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடிக்கும்போது கேட்டார். நர்ஸின் அப்பாவுக்குப் பேரிக்காய்த் தோட்டம். மற்ற மரங்கள் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே சில மரங்கள் பழுத்துவிடும். அதைத்தான் முந்தல் என்பார்களாம். வெம்பலைத் தரையில் விட்டுவிடுவார்கள், முந்தலைத் துணி விரித்து வாங்குவார்கள். வேலைக்கு வந்த புதிதில் அழுதுகொண்டு நின்ற ஒரு தாயிடம் நர்ஸ் தன்னை அறியாமல் அப்படிச் சொல்லப்போய், இப்போது அந்த வார்டு முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

ஒரு இடம் கிடைத்துவிட்டது. நல்லவேளையாக அச்சகத்தில் காகிதம் வராததால் பட்டியலுக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. இரண்டாவது இடத்தைத் தேடி அக்கா நேர் எதிர்த் திசையில், நர்ஸின் ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்திராத ஒரு மலையடிவாரத்துக்குப் பேருந்தில் போனார். என்னையும் துணைக்கு அழைத்துப்போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று விதைக்கடையில் கையை விரித்தார்கள். நாலாவது கடையில் அக்கா வாயைத் திறக்கும் முன்பே, எங்களைப் புதிதாகத் தோட்டம் போட வந்த தம்பதி என்று நினைத்துக்கொண்ட கடைக்காரர், உங்களுக்கு முந்தல் அவரை வேண்டுமா, சாதா அவரை வேண்டுமா என்று கேட்டார். அக்கா பக்கத்திலிருந்த விதை மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பதி இல்லை என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

சொல் பிழைத்தது. அலுவலகத்தில் தகரத்தார் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. அந்த மாமியார் இருக்கிறாரே, அவர் இதற்குள் அடியோடு மாறியிருந்தார். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், எங்கள் வீட்டு முந்தலைப் பாருங்கள் என்று பீற்றிக்கொண்டார். தெருவே குழந்தையை அப்படிக் கூப்பிடத் தொடங்கியது. தங்கைக்கு ஓர் ஆசை வந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்ற பொருளையும் அகராதியில் சேர்க்க வேண்டும் என்று அக்காவிடம் கேட்டாள். தன் மகளைக் காட்டி யாரும் மறுபடி வெம்பல் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற தவிப்பு அவளுக்கு.

தலைமை ஆசிரியரே இளகிவிட்டார். ஆஸ்பத்திரி ஒன்று, அந்தத் தெரு ஒன்று, இரண்டு இடம் ஆயிற்றே, எழுதுங்கள் என்றார். அக்காதான் மாட்டேன் என்றார்.

"அந்தத் தெருவுக்கு அந்தச் சொல்லு என் குடும்பத்தால போச்சுங்க. நானே விதைச்சுட்டு, தானா முளைச்சதுன்னு நானே எழுதலாமா?"

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தான் வைத்த விதியைத் தன்னைவிடக் கெட்டியாகப் பிடித்திருக்கிற ஒருவரை அவர் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

தங்கை முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஊர்ச் சொல்லுக்கெல்லாம் இடம் இருக்கிறது, சொந்தத் தங்கை மகளுக்கு இல்லையா என்று அவளுக்கு வருத்தம். அக்கா வாதாடவில்லை. வாரா வாரம் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தார். பேசாத தங்கை காபி மட்டும் கொடுப்பாளாம், அதில் சர்க்கரை சரியாக இருக்குமாம். அது போதும் என்றார்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அக்காவோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது, கன்னம் இரண்டும் உப்பி. தங்கை பக்கத்தைத் தேடி எடுத்து மெல்லப் படித்தாள். 'பருவத்துக்கு முன்பே நன்கு முதிர்ந்து பழுத்த காய் அல்லது கனி. வெம்பல் என்பதனின்று வேறு.' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மறுபடி படித்தாள். "வேறுன்னு போட்டிருக்கியே," என்று மட்டும் சொன்னாள். மாதக்கணக்குக்குப் பிறகு அக்காவிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

மாமியாருக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. என்ன போட்டிருக்கிறது என்று மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தரையிலிருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நீங்க நிதானமா எழுதுங்க," என்றார் எங்களைப் பார்த்து. "நாங்க சொல்லிக்கிட்டே இருக்கோம்."

தங்கை காபி போட உள்ளே போனாள். அக்கா பின்னாலேயே போனார். அடுப்படியில் இரண்டு பேரும் ஏதோ பேசுவதும், நடுவில் சிரிப்பதும் கூடத்துக்குக் கேட்டது.