பதினெட்டாவது அட்டை

...என் பேரைப் போட வைத்தே தீருவது, இன்றைக்கு அவளா நானா என்று பார்த்துவிடுவது என்று புதூர்நாட்டில் ஷேர் ஜீப் ஏறும்போதே பாஞ்சாலி முடிவு கட்டிவிட்டாள், மடியில் சார்ட் பேப்பர் அட்டைகள், பதினேழும் இவள் கையெழுத்து, பேச்சே இல்லாத படத்துக்கு இந்த அட்டைகள்தானே வாய், அந்தக் காலத்து ஊமைப்படம் மாதிரியே எடுக்கலாம் என்று ஜெப்சி குதித்தபோது யாருக்குத் தெரியும், திருப்பத்தூர் காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் போஸ்டரில் 'கதை, இயக்கம்: ஜெப்சி' என்று போடுவாள் என்று? இத்தனைக்கும் படமே இரண்டு தோழிகளைப் பற்றியது, இரண்டு பேருக்கும் எழுத்தாளர் ஆகும் வெறி, ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி தன் பேரில் அச்சடித்துவிடுகிறாள்... படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில். வலிக்கிறது, அதைச் சொல்ல என்ன வெட்கம்? அதனால்தான் நேற்று பதினெட்டாவதாக ஒன்று எழுதினாள், பெரிய எழுத்தில், 'கதை: பாஞ்சாலி', பக்கத்தில் வேறு பேர் கிடையாது. இன்று சாயங்காலத்துக்குள் படம் குறும்பட விழாவுக்குப் போயாக வேண்டும், அட்டைகள் இல்லாமல் போகாது. இத்தயும் படத்துல எடு, இல்லன்னா ஒண்ணும் தரமாட்டேன்... குரல் மட்டும் நடுங்கக் கூடாது.

வளைவில் ஜீப் நின்றது, மாணிக்கம்மாள் புளி மூட்டையோடு ஏறி இவள் காலை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் டிரைவர் சின்னராஜிடம் கொழுந்தன் கோபாலைப் பற்றிய புகார், மரம் ஏறினது அவனாம், முழுப் புளியும் அவனுக்காம். "குனிஞ்சி பொறுக்குனது யாரு இடுப்பு? உலுக்குனவனுக்குப் பாதி, பொறுக்குனவளுக்குப் பாதி. மலையில எப்பவும் அதான நாயம்?"

அப்படிச் சொல்லுக்கா என்று மனசுக்குள் கை தட்டினாள் பாஞ்சாலி, ஒவ்வொரு வார்த்தையாகக் குனிந்து பொறுக்கியது நான்தானே, ராத்திரி பகல் பார்க்காமல்... பொறுக்கியது நான். அப்படியென்றால் உலுக்கியது யார்? அன்றைக்குக் காலேஜ் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், ஜெப்சி அழுதுகொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சிநேகிதியின் கவிதையைத் தன் பேரில் சர்ச் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டாளாம், அந்தச் சிநேகிதி அப்புறம் பேசவே இல்லையாம். "யார்கிட்டயும் சொன்னதில்லடி, உங்கிட்டதான்." அடுத்த வாரமே பாஞ்சாலி அதைக் கதையாக நோட்டில் எழுதியிருந்தாள், நீட்டியபோது ஜெப்சி இரண்டு தரம் படித்துவிட்டு நோட்டை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டாள், கதை அவ்வளவு நன்றாக இருக்கிறது போல என்றல்லவா நினைத்தாள் இவள்?

ஸ்கெட்ச் பேனாவைத் திறந்தாள். என் பாதியை விடுவதாக இல்லை, போஸ்டரையும் மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் பாதிதான். ஜீப் குலுக்கலில் பதினெட்டாவது அட்டையில் தன் பேருக்குப் பக்கத்தில் 'ஜெப்சி' கோணலாக வந்தது, வரட்டும். அடிவாரத்து டீக்கடை முன்னால் கேமரா பையோடு அவளே நிற்கிறாள், கை ஆட்டுகிறாள், கேட்க வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் தயார்... இதை எழுதட்டுமாடி என்று அன்றைக்கு அவளை ஒரு வார்த்தை கேட்டேனா?