சாய்தளத்தை எடுத்துவிட்டால்

அந்தக் கார் நிறுத்தக் கட்டடத்தை வரைந்தது நான். அது விழாமல் நிற்கக் கணக்குப் போட்டது என் அண்ணி. வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே ஆளோடு சண்டை போடும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

நாங்கள் கட்டியபோது அந்தப் பகுதியில் காரை நிறுத்த இடமில்லாமல் அடிதடி. கட்டிச் சில வருடங்களில் ரயில் வந்தது, கார்கள் காணாமல் போயின. ரயிலைத் தொடர்ந்து அடுக்குமாடிகள் முளைத்தன. அவற்றிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். இந்த நகரம் யாரைக் கேட்டு வளர்கிறது? இருந்த பள்ளியில் இடம் போதாமல், என் மகள் உட்படப் பாதிப் பேருக்குத் தகரக் கொட்டகையில் பிற்பகல் பள்ளி. காலியாகக் கிடந்த எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டுப் பள்ளி கட்டுவதாக மாநகராட்சியில் பேச்சு. அது எழும்புவதற்குள் என் மகள் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடிக்காதீங்க, இதையே பள்ளிக்கூடமா மாத்தித் தர்றோம்" என்று போய் நின்றோம். தலைமைப் பொறியாளர் நேரில் வந்தார்.

"உயரம் இருக்கு, தரையும் சமமா இருக்கு. ஆனா நடுவுல ஒரே இருட்டும்மா. பிள்ளைங்க இங்க படிக்கவா, தூங்கவா? இடிச்சுடலாம்."

நியாயமான கேள்விதான். ஓரங்களில் வெயில், நடுவில் குகை. கார்கள் படிக்கவா போகின்றன!

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் நட்டநடுவில் இருந்த சாய்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்கள் தரையிலிருந்து மொட்டைமாடி வரை சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணி, அதை எடுத்துட்டா மேலேருந்து வெளிச்சம் வருமில்ல?"

"அதைத்தான் நானும் பாக்குறேன்."

"விளையாடுறீங்களா?" என்றார் பொறியாளர். "நடுவுல கை வெச்சா மொத்தமும் நம்ம தலைமேல வந்துடும்!"

அண்ணி கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அந்தப் பையில் சீப்பு இருக்காது, இது இருக்கும். சாய்தளமும் தரையும் சேரும் இடத்தில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றித் தூக்கினார். கீழ்த்தளம் தெரிந்தது.

"பாருங்க சார், இடைவெளி. சாய்தளத்துக்குத் தனித் தூண், தரைக்குத் தனித் தூண். ஒண்ணை ஒண்ணு தாங்கவே இல்லை."

இந்த இடைவெளிக்காக, கட்டும்போது ஒப்பந்ததாரர் அண்ணியைத் திட்டாத திட்டில்லை. "இந்த ஊர் நாளைக்கு என்ன கேக்கும்னு யாருக்குத் தெரியும்? நடுவை மட்டும் கழட்டுற மாதிரி இருக்கட்டும்" என்று அண்ணி பிடித்த பிடியில் நின்றார்.

பொறியாளர் மண்டியிட்டு இடைவெளியில் முழங்கை வரை விட்டுத் துழாவினார். எழுந்தபோது சட்டையெல்லாம் தூசி, முகமெல்லாம் சிரிப்பு.

"சரி, இடிங்க. ஆனா இதை மட்டும்!"

சாய்தளத்தின் கடைசிச் சுற்றும் போய் மொட்டைமாடி திறந்துகொண்ட அன்று வெயில் தொபுக்கென்று தரைத்தளம் வரை விழுந்தது. நான் கத்தியே விட்டேன். தொழிலாளர்கள் பார்க்கப் பார்க்க அண்ணியைத் தூக்கிச் சுற்றினேன்.

பிறகு வகுப்பறைகளுக்குச் செங்கல் சுவர் வரைந்து காட்டினேன். அண்ணி உதட்டைப் பிதுக்கினார்.

"பலகைச் சுவரா வை. போல்ட் போடு, கழட்ட வரணும்."

"அண்ணி! இது பள்ளிக்கூடம்!"

"இந்தப் பிள்ளைங்க வளர மாட்டாங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் போல்ட் போட்டே வரைந்தேன்.

பள்ளி திறந்தது. இனி என் மகளுக்கும் காலைப் பள்ளி. முதல் வரிசையில், முகத்தில் வெயில் பட உட்கார்ந்தவள் பக்கத்துச் சுவரின் போல்ட்டைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இதையெல்லாம் கழட்டிட்டா இந்த இடம் என்னவாகும்?"

"தெரியாதுடி!" என்றேன். அந்த வார்த்தையை அத்தனை சந்தோஷமாக நான் சொன்னதே இல்லை.