ராஜம்மாளின் கட்டைவிரல்

ராஜம்மாளின் கட்டைவிரல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அமிர்தவள்ளி அந்த யோசனையைக் கண்டுபிடித்தாள். பின்னால் நடந்ததற்கு யார் யாரோ அவள் தலையில் பழியைப் போட்டார்கள். ஆரம்பம் இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அமிர்தவள்ளி ஆறு வருஷமாக மிஷின் ஓட்டினாள். ஷூவின் மேல்தோல் துண்டுகளை அவள் தைத்துத் தள்ளுவாள். பக்கத்தில் ராஜம்மாள் உட்கார்ந்து, துண்டின் இரண்டு முனையிலும் தொங்குகிற நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டுவாள். காலை எட்டிலிருந்து சாயங்காலம் வரை அதே வெட்டு. விரல் என்ன இரும்பா?

எண்பத்தேழாம் வருஷம் தை மாதம் அமிர்தவள்ளி தையல் முறையை மாற்றினாள். ஒரு துண்டை இழுத்து அறுத்துப் போடாமல், அதன் வாலிலேயே அடுத்த துண்டை ஓட்டினாள். துண்டுகள் பூச்சரம் மாதிரி நெருக்கமாகக் கோத்துக்கொண்டு வந்தன. இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு வெட்டு போதும். வெட்டு பாதியாகக் குறைந்தது. ஒரே வாரத்தில் புண் காய ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து கோதண்டராமன் என்ற இன்ஜினீயர் வந்து சேர்ந்தார். ஜப்பான்காரன் வழியில் வேலையைச் சீர்ப்படுத்தப் போகிறாராம். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, பெண்கள் ஒதுங்கப் போய்வருகிற நேரத்தைக்கூட எழுதினார். ஆனால் பேச்சு மட்டும் தேன். வேலை செய்கிறவர்களுக்குத்தான் வேலையின் நுணுக்கம் தெரியும், யோசனை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றார். ஆறு வருஷத்தில் அமிர்தவள்ளியை அப்படி மதித்துக் கேட்ட ஆள் கிடையாது. உச்சி குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் செய்தே காட்டினாள். ராஜம்மாளின் புண்ணைப் பற்றியும் சொன்னாள். அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எல்லா மிஷினிலும் சரம் ஓடியது. இனி இரண்டு மிஷினுக்கு ஒரு நூல் வெட்டுகிறவள் போதும் என்று உத்தரவு. பதினோரு பெண்களைக் கேட்டிலேயே வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். அதில் ராஜம்மாளும் ஒருத்தி. ஒன்பது வருஷ உழைப்புக்கு இன்ஜினீயர் வைத்த பெயர் வீண் செலவு. அமிர்தவள்ளிக்கோ கைதட்டலும் ஓர் எவர்சில்வர் தட்டும். ஒரு பெண்ணின் விரலுக்குக் கிடைத்த ஓய்வைக்கூடப் பிடுங்கித் தின்கிற வயிறு எப்பேர்ப்பட்ட வயிறு!

சாயங்காலம் அமிர்தவள்ளி துத்திப்பட்டில் இருக்கிற ராஜம்மாள் வீட்டுக்குப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீ நல்லதுக்குத்தானே செஞ்ச, வள்ளி. வுடு," என்றாள் ராஜம்மாள்.

மறுநாள் அமிர்தவள்ளி வீம்பாகப் பழைய முறைக்கே திரும்பினாள். ஒவ்வொரு துண்டாக இழுத்து அறுத்துப் போட்டாள். கம்பெனி நஷ்டப்படட்டும் என்று கறுவிக்கொண்டே தைத்தாள்.

மத்தியானத்துக்குள் குவியல் மலையாகிவிட்டது. இப்போது அவளுக்கும் அடுத்த மிஷினுக்கும் சேர்த்து நூல் வெட்டுகிறவள் அஃப்ஸர் ஜஹான். அந்தப் பெண் வெட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் கையை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரல் ஓரம் ரத்தம் கசிந்தது.

"அக்கா, உன் கோவம் இன்ஜினீயரு மேல படல. என் கை மேலதான் படுது."

அமிர்தவள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புது முறையில் தைத்தால் ராஜம்மாள் வயிறு காய்கிறது. பழைய முறையில் தைத்தால் இவள் விரல் போகிறது. எப்படித் தைத்தாலும் அடி படுவது இந்தப் பக்கத்துக்குத்தான். அந்த மனுஷனுக்குத் தூசி கூடப் படாது.

அவள் மிஷின் சுவிட்சை அணைத்தாள். நாற்காலியை நகர்த்திப் போட்டு, அஃப்ஸர் ஜஹான் கையிலிருந்த கத்தரியை வாங்கி, தானே வெட்ட உட்கார்ந்தாள்.

கோதண்டராமன் வேகவேகமாக வந்தார். மிஷின் ஏன் நிற்கிறது என்றார்.

"ராஜம்மாக்கா வந்து உக்காந்தா ஓடும் சார்."

அவர் சிரித்துக்கொண்டே, "இன்னாம்மா இது? ஐடியா உன்னோடதுதானே?" என்றார்.

"என்னோடதுதான் சார்," என்றாள் அமிர்தவள்ளி, தலையைத் தூக்காமலே. "அதான் திருப்பி எடுத்துக்கறேன்."