சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

ரெட்டைமூட்டைக்காரர் வீட்டு வாசற்கதவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை துளிர்விட்டது. அறுத்து இருபது வருஷமான மரம் அது. அவர் மனைவி போர்வெல் தண்ணீரில் துணியை நனைத்துத் தினமும் துடைப்பாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் நாற்காலிகள் வேர்விட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டன. ஒரு மாதத்தில் தெரு முழுக்க இதே கதை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைக் கத்தரித்த பிறகுதான் பிள்ளைகள் உட்கார முடிந்தது. வெட்கப்பட வேண்டிய நாங்கள் பெருமைப்பட்டோம். எங்கள் தண்ணீர் பட்டால் பட்டமரமும் தளிர்க்கும் என்று வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டோம்.

அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எங்கள் வயலிலேயே கிடந்தது. ஒரு மூட்டை உரம் போதும் என்ற நிலத்தில் ரெட்டைமூட்டைக்காரர் இரண்டு மூட்டை போட்டார். பெயர் அப்படி வந்ததுதான். அவரைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் இரண்டரை போட்டார். பயிர் தின்றது போக மிச்சம் மழையோடு ஆற்றுக்கும், மண்ணுக்குள் இறங்கி நிலத்தடிக்கும் போனது. ஆற்றைப் பாசி மூடியது. மீன்கள் மூச்சு முட்டிக் கரையேறி, புல்லில் நாலடி நகர்ந்து செத்தன. அவற்றையும் அள்ளி வயலுக்கே உரமாகப் போட்டோம். அவ்வளவு கெட்டிக்காரர்கள் நாங்கள். வேளாண்மை அதிகாரி வந்து, ஒரு டம்ளர் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். குடித்துப் பார்க்கவில்லை. அவர் குடிக்கும் தண்ணீர் அவருடைய ஜீப்பில் இருந்தது.

அந்த வருஷம்தான் ரெட்டைமூட்டைக்காரருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதாமல் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் உதடு நீலமானது, பிறகு நகங்கள். "தண்ணிய நல்லா கொதிக்க வெச்சுக் குடும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். அவள் கொதிக்க வைத்தாள். நீலம் கூடியது. சூடு போதவில்லையோ என்று பயந்து, ஒரு பானை கால் பானையாகச் சுண்டும்வரை அடுப்பை அணைக்காமல் காய்ச்சினாள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லாமல் போனபோது பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"கொதிக்க வெச்சா கிருமி சாகும். உரத்தோட உப்பு எங்கம்மா போகும்? தண்ணிதான் ஆவியாகும். நீங்க சுண்டவிடச் சுண்டவிட அது கெட்டியாத்தான் ஆகியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

ஊசி போட்ட அன்றே நீலம் இறங்கிவிட்டது. தாயின் கோபம் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க வயல்ல கொட்டுனீங்க, நான் அடுப்புல காய்ச்சினேன். ரெண்டு பேரும் சேர்ந்து பெத்த புள்ளைக்கே ஊட்டியிருக்கோம். அந்தத் தண்ணி சரியாகாம நான் அந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்." அங்கிருந்தே குழந்தையோடு அக்கா ஊருக்கு பஸ் ஏறினாள்.

அவர் அந்த வாரமே உரத்தை நிறுத்தினார். விளைச்சல் பாதியானது. நாங்கள் சிரித்தோம், மறைக்க என்ன இருக்கிறது? அவர் வருஷா வருஷம் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வருஷா வருஷம் குடிக்க லாயக்கில்லை என்றே சீட்டு வந்தது. ஒருவர் நிறுத்தி என்ன ஆகும்? நிலத்துக்கு வரப்பு உண்டு, நிலத்தடிக்கு ஏது? நாங்கள் எவரும் நிறுத்தவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், டம்ளரைத் தூக்கிப் பார்ப்பது மாறவில்லை. பிழைத்த குழந்தையைப் பார்க்க அவர்தான் ஞாயிறுதோறும் அக்கா ஊருக்குப் போய்வந்தார்.

பத்தொன்பது வருஷம் கழித்து அந்தப் பெண் முதல்முறையாக அப்பா வீட்டுக்கு வந்தாள். கொளுத்தும் வெயில். கூடத்துக் கிளைகளை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தில் அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு குடத்தருகே போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னப்பா?"

"உனக்குக் குடுக்க இந்த வீட்ல தண்ணி இல்லம்மா."

"தெரியும்பா. அம்மா குடுத்து விட்டாங்க, உங்களுக்கும் சேர்த்து" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அவர் கையிலிருந்த டம்ளரில் அவளே ஊற்றினாள். மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்கள். தலையில் இலைகள் உதிர்ந்தன, இருவரும் தட்டிவிடவில்லை. பிறகு அவள் காலி பாட்டிலோடு எங்கள் தெரு வழியாக நடந்து போனாள். ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே நிரப்பிக்கொள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.